ஆன்டிபாடிக்கு ஆயுள் எவ்வளவு?

1948க்கும் 1954க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் உள்ள வாரன் விமானப்படைத் தளத்தில் படைவீரர்கள் பலரிடம் ரத்தம் எடுத்தார்கள். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியையும், அதைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சலையும் பற்றிய ஆராய்ச்சி அது. ஆராய்ச்சி முடிந்தது, மிச்சமிருந்த சீரத்தை உறையவைத்து எடுத்து வைத்தார்கள். ஏறத்தாழ 45 ஆண்டுகள் கழித்து வேறொரு குழு அந்தக் குப்பிகளை வெளியே எடுத்தது. 8,568 பேரின் சீரத்தில் ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்த்தது. 17 பேருக்கு இருந்தது. 2000ஆம் ஆண்டு முடிவுகள் வெளிவந்தன. ரத்தம் எடுத்த காலத்தில் அந்த வைரஸுக்குப் பெயர்கூடக் கிடையாது. அதை அடையாளம் கண்டதே 1989இல்தான்.

அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலம் ஃப்ரீசரில் கிடந்த புரதம், தன் வேலையை மறக்காமல் இருந்திருக்கிறது. ஆனால் இன்று ஓர் ஆராய்ச்சி மாணவர் கம்பெனியிடம் ஆன்டிபாடி வாங்கினால், கூடவே வரும் தாளில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதியிருக்கும்: கையில் கிடைத்த நாளிலிருந்து 12 மாதம். ஒரே வகைப் புரதம்தான். ஒன்று 45 ஆண்டு, இன்னொன்று ஓராண்டு. இந்த இரண்டு எண்ணும் ஒரே பொருளைப் பற்றி எப்படிச் சரியாக இருக்க முடியும்?

பள்ளிப் பாடப்புத்தகம் எதிர்ப்பொருள் என்று சொல்லும் ஆன்டிபாடியைக் கோவிட் காலம் எல்லாருக்கும் அறிமுகப்படுத்திவிட்டது. நம் உடலில் அது கிருமியைப் பிடிக்கும். ஆராய்ச்சிக்கூடத்தில் அதன் வேலை வேறு. ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கும் ஒரு செல்லில் நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் கருவி அது. முயல், ஆடு, எலி போன்ற பிராணிக்கு அந்தப் புரதத்தை ஊசி போட்டு, அதன் ரத்தத்திலிருந்து ஆன்டிபாடியைப் பிரித்தெடுப்பது பழைய வழி. 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டீனும் ஆன்டிபாடி சுரக்கும் எலிச் செல்லைச் சாகாத புற்றுச் செல்லோடு இணைத்து, ஒரே மாதிரியான ஆன்டிபாடியை வேண்டிய அளவு செய்துகொள்ளும் வழியைக் காட்டினார்கள். 1984இல் நோபல் பரிசு பெற்ற அந்தக் கண்டுபிடிப்புதான் ஆன்டிபாடியைக் கடையில் வாங்கும் சரக்காக மாற்றியது.

சரக்கு சின்னதுதான். சுண்டுவிரல் நுனி அளவு பிளாஸ்டிக் டியூப், அடியில் 100 மைக்ரோலிட்டர், அதாவது சொட்டு இரண்டோ மூன்றோ. மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளே நான்கு கோடிக்கோடி மூலக்கூறுகள் இருக்கும். விலை பல ஆயிரம் ரூபாய். முப்பது, நாற்பதாயிரத்துக்கு விற்பவையும் உண்டு. அதனால்தான் அது கெட்டுப்போகுமா என்ற கேள்விக்கு இத்தனை மதிப்பு.

ஒவ்வொரு மூலக்கூறும் ஆங்கில எழுத்து ஒய் வடிவில் இருக்கும். பெரிய சங்கிலி இரண்டு, சின்னச் சங்கிலி இரண்டு, இவற்றைக் கந்தகப் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. மேலே உள்ள இரண்டு கைகளின் நுனிதான் இலக்கைப் பிடிக்கும் இடம். பார்க்க மென்மையாகத் தோன்றினாலும் புரத உலகில் இது முரட்டு ஆள். ஐஜிஜி வகை ஆன்டிபாடியின் பகுதிகள் குலைய ஆரம்பிப்பது பெரும்பாலும் 65, 70 டிகிரி செல்சியஸை எட்டிய பிறகுதான். நம் உடலின் 37 டிகிரிச் சூட்டிலேயே அது ரத்தத்தில் சுற்றி வருகிறது. சராசரியாக மூன்று வாரத்தில் பாதி குறைகிறது என்றால், அதற்குக் காரணம் உடல் அதை அப்புறப்படுத்துவது, சூட்டில் வெந்துபோவது அல்ல. ஆகவே, வெளிநாட்டிலிருந்து வந்த பார்சல் சுங்கத்தில் இரண்டு நாள் நின்று, ஐஸ் பை தண்ணீராகிவிட்டது என்றதுமே தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சாதாரண ஐஜிஜி அந்த இரண்டு நாளைத் தாங்கிவிடும். குளிர்ப்பெட்டியே இல்லாமல் அனுப்பும் கம்பெனிகளும் உண்டு.

சூட்டுக்குப் பயப்படுகிறவர்கள் பயப்பட வேண்டியது குளிருக்கு. இன்னும் சரியாகச் சொன்னால், உறைவதற்கும் உருகுவதற்கும்.

ஒரு டியூபை மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே நடப்பது இதுதான். சுவரை ஒட்டிய திரவம் முதலில் உறைகிறது. பனிக்கட்டி தண்ணீரை மட்டுமே தன்னோடு சேர்த்துக்கொள்ளும். உப்பு, புரதம் எல்லாவற்றையும் வெளியே தள்ளும். பனி உள்நோக்கி வளர வளர, தள்ளப்பட்டவையெல்லாம் நடுவில் மிச்சமிருக்கும் கொஞ்சூண்டு திரவத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. உப்பின் அடர்த்தி பல மடங்கு ஏறுகிறது. இதில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. ஆன்டிபாடியைக் கரைத்து வைக்கும் பஃபர் பெரும்பாலும் சோடியம் பாஸ்பேட்டில் செய்தது. அதில் இரண்டு வகை பாஸ்பேட் உண்டு. காரத் தன்மையுள்ள வகை குளிரில் முந்திக்கொண்டு படிகமாகிவிடும். கரைசலில் தங்குவது அமிலப் பங்கு. பிஎச் மாறாமல் காக்கவென்று போட்ட பஃபரே உறையும் நேரத்தில் பிஎச்சை 7லிருந்து நான்கை நெருங்கும் அளவுக்குக்கூட இறக்கிவிடலாம். ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் அமிலம், போதாக்குறைக்குப் பனியின் பரப்பு வேறு. புரதம் அந்தப் பரப்பில் ஒட்டி விரிகிறது. விரிந்த இரண்டு மூலக்கூறுகள் சந்தித்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. உருகிய பிறகும் அந்தப் பின்னல் அவிழாது. சில சமயம் கண்ணுக்கே தெரியும் வெண்துகளாகும். பெரும்பாலும் தெரியாது, பரிசோதனைப் படத்தில் பின்னணி மங்கலாகக் கறைபடும்போதுதான் புலப்படும்.

ஒருமுறை உறைந்து உருகினால் சேதம் கொஞ்சம்தான். அதையே ஒவ்வொரு வாரமும் செய்தால்தான் ஆபத்து. ஃப்ரீசரிலிருந்து டியூபை எடுத்து, உருக்கி, இரண்டு மைக்ரோலிட்டர் எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே வைப்பவர் ஆன்டிபாடியைச் சேமிக்கவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறார். பெரிய ஊறுகாய் ஜாடியைத் தினமும் திறக்காமல் வேண்டியதைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைக்கும் வீட்டு வழக்கம் இங்கும் செல்லும்: வந்த அன்றே ஒரு தடவைக்கு ஆகும் அளவாகப் பிரித்துத் தனித்தனி டியூபில் போட்டு வைத்துவிட வேண்டும். ஆராய்ச்சிக்கூடங்களில் இதற்கு அலிகோட் போடுவது என்று பெயர். ரொம்பச் சின்னதாகவும் பிரிக்கக் கூடாது. 10 மைக்ரோலிட்டருக்குக் கீழே போனால் திரவம் ஆவியாவதும், பிளாஸ்டிக் சுவரில் புரதம் ஒட்டிக்கொள்வதும் கணிசமான பங்கைத் தின்றுவிடும். நீர்த்த கரைசலுக்கு இந்தச் சுவர்தான் முதல் எதிரி. அதனால்தான் மாட்டின் ரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமினை ஒரு சதவீதம் போலச் சேர்க்கிறார்கள்; சுவரில் ஒட்டுவதற்கு அது போகும், ஆன்டிபாடி கரைசலிலேயே நிற்கும்.

ஃப்ரீசரிலும் ஜாதி பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை சௌகரியம், ஐஸைச் சுரண்ட வேண்டாம். ஆனால் ஐஸ் சேராமல் இருப்பதற்காக அது அவ்வப்போது உள்ளே தன்னைத்தானே சூடாக்கிக்கொள்கிறது. யாரும் கதவைத் திறக்காமலேயே டியூபின் வெப்பநிலை ஏறி இறங்கும். ஆய்வகத்துக்குப் பழைய மாதிரி ஐஸ் கட்டும் ஃப்ரீசர்தான் நல்லது; அதிலும் கதவுப் பக்கத் தட்டு வேண்டாம்.

உறைதலே இல்லாமல் குளிர வைக்க ஒரு தந்திரம் உண்டு: சரிபாதி கிளிசரால். அந்தக் கலவை மைனஸ் 20இலும் திரவமாகவே இருக்கும்; எடுத்த கையோடு பைப்பெட்டில் உறிஞ்சலாம். இதையே இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று மைனஸ் 80இல் வைக்கிறவர்கள் தந்திரத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள், அங்கே அதுவும் இறுகிவிடும். குளிர் கூடக் கூட நல்லது என்ற நம்பிக்கை ஆய்வகங்களில் ஆழமாக வேரோடியிருக்கிறது. அன்றாடம் எடுக்கும் ஆன்டிபாடிக்கு 4 டிகிரி பிரிட்ஜே போதும். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் அங்கே நன்றாக இருக்கும். கிருமி மட்டும் சேரக் கூடாது, அவ்வளவுதான்.

கிருமியைத் தடுக்க சோடியம் அசைடு போடுவார்கள், 0.02 முதல் 0.1 சதவீதத்துக்குள். நல்ல காவல்காரன்தான், ஆனால் குணக்கேடு அதிகம். கிருமியின் மூச்சுச் சங்கிலியை எந்த வழியில் அடைக்கிறதோ அதே வழியில் நம்முடையதையும் அடைக்கும். ஆகவே உயிருள்ள செல்களோடு சேர்க்கும் ஆன்டிபாடியில் இது இருக்கக் கூடாது. ஒளி காட்டவோ நிறம் காட்டவோ ஆன்டிபாடியோடு பிணைத்து வைக்கும் எச்ஆர்பி என்ற நொதியை முடக்கிவிடும். சாயம் ஏற்றும் வேதிவினையிலும் குறுக்கே வரும். கழுவுத்தொட்டியில் தொடர்ந்து கொட்டினால் ஈய, செம்புக் குழாய்களில் வினைபுரிந்து வெடிக்கக்கூடிய உப்பாகத் தங்கும். ஒரு காலத்தில் கார்களின் ஏர்பேக்கை ஊதவைத்ததும் இதே சோடியம் அசைடுதான் என்பதை நினைத்துக்கொண்டால் தொட்டியில் கொட்டக் கை வராது.

இதுவரை சொன்னது வெறும் ஆன்டிபாடிக்கு. வாலில் எதையாவது கட்டிவிட்டால் ஆயுள் அந்த வாலைப் பொறுத்தது. எச்ஆர்பி போன்ற நொதி கட்டிய ஆன்டிபாடியைக் கிளிசரால் இல்லாமல் உறையவைத்தால் முதலில் போவது நொதிதான். ஒளிரும் சாயம் கட்டியதை வெளிச்சம் தின்னும்; அதனால்தான் அவை பழுப்பு டியூபிலோ அலுமினியத் தாள் சுற்றியோ இருக்கின்றன. இவற்றில் டேன்டம் சாயங்கள் தனி ரகம், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவை. பிஇ–சிஒய்7 என்று ஒன்று. பாசியிலிருந்து எடுத்த பைகோஎரித்ரின் என்ற பெரிய புரதத்தோடு சிஒய்7 என்ற சின்னச் சாயத்தை இணைத்தது. லேசர் ஒளியைப் பைகோஎரித்ரின் வாங்கி அடுத்தவருக்குக் கைமாற்றும். சிஒய்7 அதை 780 நானோமீட்டர் பக்கம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக வெளிவிடும். வெளிச்சம் படப்பட, நாளாக ஆக சிஒய்7 சிதையும். அப்போது கைமாற்ற ஆளில்லாமல் பைகோஎரித்ரின் தானே 575 நானோமீட்டர் பக்கம் மஞ்சள் கலந்த செம்மஞ்சளாக ஒளிரும். செல்களை லேசரில் ஓட்டி ஒளியை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டருக்கு அந்த நிறம் வேறொரு புரதத்தின் அடையாளம். செல்லில் இல்லாத புரதத்தை இருக்கிறது என்று கருவி எழுதிவிடும். சாதாரண ஆன்டிபாடி கெட்டால் விடை வராது. டேன்டம் கெட்டால் தப்பான விடை வரும். எது மோசம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆய்வகத்தில் உள்ள நூறு டியூபில் எதையாவது தேதி பார்த்துத் தூக்கிப்போட வேண்டும் என்றால், நான் இவற்றிலிருந்துதான் தொடங்குவேன்.

ஆன்டிபாடியிலும் வகைக்கு வகை குணம் மாறும். ஐந்து ஒய்கள் சேர்ந்த பெரிய உருவமான ஐஜிஎம் உறைவதைத் தாங்காது. எலியின் ஐஜிஜி3 வகைக்குக் குளிரில் ஒன்றுகூடித் திரளும் பழக்கம் உண்டு. இது தவிர எல்லாவற்றிலும் மெதுவாக ஓடும் வேதிமாற்றங்கள் சில: அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் அமைடை இழந்து அமிலமாகும், மெத்தியோனின் ஆக்சிஜன் ஏற்கும், இடுப்புப் பகுதியில் சங்கிலி அறுபடும். இலக்கைப் பிடிக்கும் நுனியில் அப்படி ஓர் அஸ்பராஜின் இருக்க நேர்ந்தால் அந்த ஆன்டிபாடிக்கு ஆயுள் குறைவு. பக்கத்து டியூபில் இருப்பதற்கு அந்தத் துரதிர்ஷ்டம் இல்லாமல் போகலாம்.

இப்போது வாரன் தளத்துச் சீரத்துக்குத் திரும்பலாம். அது 45 ஆண்டு தாங்கியதில் மாயம் இல்லை. சீரத்தில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் புரதம் இருக்கிறது. சுவரில் ஒட்டவும் பனிப்பரப்பில் விரியவும் ஆல்புமின் முதல் ஆளாகப் போய்விடும். உள்ளே இருப்பது ஒரே ஆன்டிபாடி அல்ல, ஒரே வைரஸின் பல இடங்களைப் பிடிக்கும் பலவற்றின் கூட்டம். சில போனாலும் மற்றவை நிற்கும். அதைக் கேட்ட கேள்வியும் எளிது: இருக்கிறதா, இல்லையா? சுத்திகரித்து, தனித்து, நீர்த்து, வாராவாரம் உருகி உறையும் டியூபின் நிலைமை வேறு. அதனிடம் கேட்கும் கேள்வியும் கடினம்: இந்தச் செல்லில் அந்தச் செல்லைவிட எத்தனை மடங்கு அதிகம்?

அப்படியானால் அந்த 12 மாதம்? ஆராய்ச்சிக்கென்று விற்கும் ஆன்டிபாடிகளில் அது பெரும்பாலும் கம்பெனி தரும் உத்தரவாதத்தின் காலம். அதற்குள் வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவோம் என்பது அதன் பொருள். அதற்குப் பிறகு கெட்டுவிடும் என்று யாரும் அளந்து பார்த்துச் சொன்னதல்ல. பல்லாயிரம் வகை விற்கும் கம்பெனி ஒவ்வொன்றையும் பத்தாண்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 37 டிகிரியில் சில வாரம் வைத்து, அதில் தெரியும் தேய்மானத்தை வைத்துக் குளிரில் எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணிக்கும் முறை உண்டு. சின்ன மூலக்கூறு மருந்துகளுக்கு அது நன்றாகப் பொருந்தும். புரதம் அவ்வளவு ஒழுங்கான ஆள் அல்ல. சூட்டில் கெடும் வழி ஒன்று, குளிரில் கெடும் வழி வேறு.

நோயாளியின் மாதிரி மேசைக்கு வந்துவிட்டால் சட்டம் மாறிவிடும். அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு மருத்துவ ஆய்வகச் சட்டத்தின் விதிகள், காலாவதியான எந்த வினைப்பொருளையும் நோயாளிக்கான சோதனையில் தொடக் கூடாது என்கின்றன. நல்ல ஆன்டிபாடிகள் குப்பைக்குப் போகின்றன என்று நோயியல் வல்லுநர்கள் நெடுநாளாக முணுமுணுக்கிறார்கள், நியாயமும் இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு விதிக்குத்தான். ஆராய்ச்சியில் தப்பினால் ஒரு வாரம் வீண். ரத்த வங்கியில்? நம் ஊர் லேபில் ரத்த வகை பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள்: வெள்ளை ஓட்டில் நீலச் சொட்டு ஒன்று, மஞ்சள் சொட்டு ஒன்று, நிறமில்லாத சொட்டு ஒன்று. நீலம் ஆன்டி ஏ, மஞ்சள் ஆன்டி பி, மூன்றாவது ஆன்டி டி. குச்சியால் கலக்கி ஓட்டை மெல்ல ஆட்டினால் ஓரிரு நிமிடத்தில் சிவப்பு துகள்துகளாகத் திரளும். ஆன்டி ஏ வலுவிழந்திருந்தால், பலவீனமான ஏ வகை ரத்தம் திரளாமலேயே நின்று, ஓ என்று பதிவாகிவிடும். அதனால்தான் தேதியோடு நிற்காமல், வகை தெரிந்த செல்களை வைத்து அந்தச் சொட்டையும் அன்றாடம் பரிசோதிக்கிறார்கள்.

தண்ணீரே இல்லாவிட்டால் இந்தச் சிக்கல்களில் பாதி இல்லை. சர்க்கரை வகை ஏதாவது சேர்த்து, உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேரடியாக ஆவியாக்கினால் மிஞ்சும் தூளில் புரதம் சர்க்கரைக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பாம்புக்கடி மருந்து நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் தூளாக இருப்பது இதற்காகத்தான். அதுவும் ஆன்டிபாடிதான், குதிரையின் உடலில் விளைந்தது. 1978இல் தொடங்கிய, மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் எடுத்து மருந்துக் கம்பெனிகளுக்குத் தருகிறது. அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றித்தான் மருந்து செய்கிறார்கள். தூளாக இருந்தால் தொடர்ந்த குளிர்வசதி இல்லாத இடத்திலும் நான்கைந்து ஆண்டு வைத்திருக்கலாம். கரைக்கும்போது குப்பியைக் குலுக்கக் கூடாது, மெல்ல உருட்ட வேண்டும். நுரையின் பரப்பிலும் புரதம் விரிந்து வீணாகும். கர்ப்பம் பார்க்கும் கார்டு மருந்துக்கடை அலமாரியில் சும்மா கிடந்தும் வேலை செய்வதும் இதே காரணத்தால்தான். அதன் காகிதத்தில் ஆன்டிபாடி உலர்ந்து ஒட்டியிருக்கிறது, உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் கூட இருக்கிறது.

ஆய்வகத்துக்குத் திரும்பினால், தேதியைப் பற்றிய கவலை இன்னொரு பெரிய கவலையை மறைக்கிறது. டியூபில் இருப்பது சொன்ன புரதத்தைத்தான் பிடிக்கிறதா? ஒய்கேரோஸ் என்ற கூட்டுமுயற்சி 65 புரதங்களுக்கென்று விற்கும் 614 ஆன்டிபாடிகளைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டது. அந்தப் புரதமே இல்லாதபடி செய்த செல்களையும், இருக்கும் செல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த சோதனை அது. கணிசமானவை தேறவில்லை. தேறாதவற்றைக் கொண்டு எழுதிய ஆய்வுக் கட்டுரைகள், புரதம் ஒன்றுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு இருந்தன. பெட்டி பிரிக்கும்போதே பயனற்ற ஆன்டிபாடிக்கு எத்தனை மாதம் தேதி போட்டால்தான் என்ன?

இரண்டு கவலைக்கும் மருந்து ஒன்றுதான், புதியதும் அல்ல: புரதம் இருப்பது நிச்சயமான ஒரு மாதிரி, இல்லாதது நிச்சயமான ஒரு மாதிரி, இரண்டையும் ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுவது. புது லாட், அதாவது அடுத்த தயாரிப்புத் தொகுதி, வந்தால் பழையது தீர்வதற்குள் இரண்டையும் ஒரே வெஸ்டர்ன் பிளாட் புரதச் சோதனையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆயிரத்தில் ஒன்று, இரண்டாயிரத்தில் ஒன்று என்று நீர்த்துப் பார்ப்பது. பழையது முன்பு ஆயிரத்தில் ஒன்றாகப் போதுமாக இருந்து இப்போது ஐந்நூற்றில் ஒன்று கேட்கிறது என்றால், பாதி போய்விட்டது என்று கணக்கு. லேபிளில் வாங்கிய தேதியோடு முதலில் திறந்த தேதியையும், எத்தனை முறை உருகியது என்பதையும் எழுதி வைத்தால் அடுத்து வரும் மாணவர் நன்றி சொல்வார்.

தீர்ந்தே போனால் சிக்கல்தான். முயல் செத்துவிட்டால் அந்த முயலின் ஆன்டிபாடி மறுபடி கிடைக்காது. அடுத்த முயலின் கலவை வேறு. எலிச் செல்லில் விளைந்த ஒற்றை வகை ஆன்டிபாடியாக இருந்தால் இன்று ஒரு வழி உண்டு. அதன் அமினோ அமில வரிசை தெரிந்தால் போதும், ஜீனைச் செயற்கையாகச் செய்து வளர்ப்புச் செல்லில் ஏற்றி அதே ஆன்டிபாடியை மறுபடி உற்பத்தி செய்துகொள்ளலாம். செல்லும் அழிந்து வரிசையும் தெரியாத நிலையில்கூட, டியூபின் அடியில் போதுமான அளவு மிச்சமிருந்தால் நிறை நிறமாலைமானியில் அந்தப் புரதத்தைத் துண்டுதுண்டாக எடைபோட்டு வரிசையைப் படித்துவிடுகிறார்கள். செலவு பல புது டியூபுகளின் விலையைத் தாண்டும். வேறு எங்கும் கிடைக்காத ஆன்டிபாடியை நம்பிப் பத்தாண்டு ஆராய்ச்சி செய்தவருக்கு அது பெரிய தொகை அல்ல. டியூபில் கடைசிச் சொட்டு இருக்கும்போதே முடிவெடுக்க வேண்டும்.